ஆட்சேபணை இல்லை என்று எழுதினார்கள்

பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வருகிறார் வக்கீலம்மா. மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. அது தரையைத் தேய்த்துக்கொண்டு நீதிமன்ற வராந்தா முழுக்கக் கேட்கும்படி அலறுகிறது. கறுப்பு கவுன் தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்குகிறது. கைப்பையைக் கழுத்தில் மாட்டியிருக்கிறார். வழியில் நிற்கும் இளம் வக்கீல்கள் சுவரோடு ஒட்டி வழிவிடுகிறார்களே தவிர, ஒரு கை கொடுப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அம்மா, அது கேன்டீன் பெஞ்சு. இங்க போடக் கூடாதுன்னு ஆர்டர்" என்கிறார் வாசல் காவலர்.

"யாரு போட்ட ஆர்டர்? எழுத்துல குடுங்க."

"எழுத்துல எல்லாம் இல்லம்மா. வாயால சொன்னதுதான்."

"அப்ப நானும் வாயாலயே சொல்றேன். இது இங்கதான் இருக்கும்."

சாயங்காலம் காவலர் அதே பெஞ்சை அதே அலறலோடு கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போவார். மறுநாள் காலையில் வக்கீலம்மா திரும்பவும் கொண்டு வருவார். இந்த இழுபறி பல காலமாக நடக்கிறது. இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை. நீதிபதிகளுக்கும் வக்கீல்களுக்கும் குஷன் வைத்த நாற்காலி உண்டு. கோப்புகளுக்குக்கூட அலமாரி உண்டு. வழக்குப் போட்டவன் மட்டும் கால் கடுக்க நிற்க வேண்டும் என்று எந்த மகராசன் முடிவு செய்தானோ தெரியாது. "நியாயம் கேட்டு வந்தவனை நிக்க வெச்சே பாதி கொன்னுடறாங்க" என்பார் வக்கீலம்மா, பெஞ்சைச் சுவரோடு முட்டி நிறுத்தியபடி.

அந்த பெஞ்சில் உட்காருகிறவர்கள் பழைய பேட்டரி ஆலைத் தொழிலாளிகள். பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி வார்க்கும் ஆலை அது. முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளச் சொல்லித்தான் கொடுத்தார்கள், துணியைக் கொடுக்கவில்லை. ஈயப் புகையை ஆண்டுக்கணக்கில் குடித்து, இப்போது ஒருவருக்கு வயிறு முறுக்கிப் பிடிக்கிறது, இன்னொருவருக்குப் பேசும்போது பாதியில் வார்த்தை மறந்துபோகிறது. உருக்கு அறைக்கு மேற்பார்வையாக இருந்தவரை எல்லோரும் இன்னும் மேஸ்திரி என்றே கூப்பிடுகிறார்கள். அவருக்கு மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு கையும் தொங்கிவிட்டன. டீ கிளாஸை இரண்டு முன்னங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் குடிப்பார். ஆலை முதலாளிகள் இது பரம்பரை வியாதி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உருக்கு அறையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே பரம்பரை போலிருக்கிறது!

அவர்கள் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இந்த நோய் ஆலையில் வந்தது என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும். வைத்தியத்தை ஆலை பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்காக வக்கீலம்மா தன் தலைமுடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து நடையாய் நடக்கிறார்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குரல் எப்போதும் கொஞ்சம் கரகரப்பு. மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார். உட்கார்ந்தால் யாராவது வந்து எழுப்புவார்கள் என்பது அவர் கணக்கு. எதிர் வக்கீல் பொய் சொல்லும்போது காது நுனி சிவக்கும். அதைப் பார்த்தே அடுத்து என்ன வரப்போகிறது என்று நீதிமன்ற ஊழியர்கள் தெரிந்துகொள்வார்கள். மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி மட்டும் அடிக்கடி மாறும். அவர் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இப்போது இருப்பது பூனைக் கண் மாதிரி ஓரம் தூக்கிய சிவப்பு பிரேம்.

"விக்காத சரக்கெல்லாம் என் மூக்குக்குத்தான் வரும்" என்பார் வக்கீலம்மா.

"அப்படி இல்லம்மா. உன் மூஞ்சில பார்த்துட்டு நாலு பேர் கேட்டு வருவாங்கல்ல, அதுக்குத்தான்" என்பார் கணவர். இதுவரை யாரும் கேட்டு வந்ததில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் ஒரு நாள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தேர்தலில் நின்று போனார் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் ஊர்த் தொகுதியின் உறுப்பினர் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். மிச்சமிருக்கும் கொஞ்ச காலத்துக்கு இறந்தவருடைய கட்சியே ஓர் ஆளை நியமித்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டுச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. இறந்தவரின் மருமகனுக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். கட்சியின் பொருளாளருக்கு இன்னொரு கண். இருவரில் யாரை உட்காரவைத்தாலும் மற்றவர் குதிப்பார். ஆகவே இருவருக்கும் பயமில்லாத, அடுத்த தேர்தலில் நிற்காத, ஒப்புக்கு ஓர் ஆள் வேண்டும். ஏழைகளின் வக்கீல் என்று பேர் எடுத்த பெண் என்றால் செய்தித்தாளில் போடவும் நன்றாக இருக்கும்.

கட்சிச் செயலாளர் கண் பரிசோதனைக்கு வந்தவர் மாதிரிதான் கடைக்குள் நுழைந்தார். சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் ஒழுங்காகப் படித்துக் காட்டினார். அதற்கப்புறம்தான், "அம்மா வீட்ல இருக்காங்களா?" என்று கேட்டார்.

"மிச்ச காலத்துக்கு மட்டும்தாங்க. அடுத்த தடவை நிக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை. மத்தபடி உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. போனோம் வந்தோம்னு இருக்கலாம்" என்றார், வக்கீலம்மா வந்ததும்.

அவர் போனதும் கணவர் சிரித்தார். "புரியுதா? பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்பாங்களே, நீதான் அந்தத் துண்டு."

"துண்டுன்னு எனக்குத் தெரியுது. துண்டுக்கு வாய் இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியல" என்றார் வக்கீலம்மா.

போனார். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இடம் கொடுத்தார்கள். மேஜையில் இறந்துபோனவரின் பெயர்ப்பலகை அப்படியே இருந்தது. நாற்காலியின் தலைமாட்டில் அவருடைய எண்ணெய்க் கறையும் இருந்தது. பலகையை மாற்றித் தரும்படி கேட்டபோது, "கொஞ்ச நாள்தானேங்க, எதுக்கு வீணா ஒண்ணு செஞ்சுக்கிட்டு" என்றார் பணியாளர். அதாவது அந்த அவையைப் பொறுத்தவரை வக்கீலம்மாவைவிட இறந்தவருக்கு மதிப்பு அதிகம். குளிர்சாதனக் காற்று பிடரியில் அடித்துக்கொண்டே இருந்தது. எதிரே பாதி நாற்காலிகள் காலி. மீதிப் பாதியில் செல்போன் வெளிச்சத்தில் மோவாய்கள்.

பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் அன்பானவர். முதல் நாளே குனிந்து விசாரித்தார். "யாரோட ஆளும்மா நீங்க?"

"பேட்டரி ஆலைக்காரங்களோட ஆளு."

"ஓ, முதலாளிங்க பக்கமா! பெரிய கைதான். பிழைச்சுக்குவீங்க" என்று மனதார வாழ்த்தினார். அந்த மண்டபத்தில் ஒரு தொழிலாளிக்கும் ஆள் இருக்கக்கூடும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

கொடுத்த மசோதாக்களை வக்கீலம்மா படித்தார். இதில் வியப்பென்ன என்று கேட்கலாம். அங்கே அது வியப்புதான். உறுப்பினர் ஒருவர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு படிக்கிறார் என்று நூலகத்துப் பணியாளர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தொழிலாளர் நலச் சட்டங்களை எளிமையாக்குவதாகத் தலைப்பு வைத்த ஒரு மசோதா. முன் பக்கங்களில் எல்லாம் சர்க்கரையாகப் பேசியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில், விளக்கக் குறிப்புகளுக்கு நடுவே, விஷயம் இருந்தது. தொழிலால் வந்த நோய் என்று வழக்குப் போடுகிறவர் வேலையை விட்ட இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். இப்போது நடந்துகொண்டிருக்கும் வழக்குகளுக்கும் இது பொருந்தும்.

ஈயம் இரண்டு ஆண்டில் வெளியே தெரியாது. எலும்புக்குள் போய்ப் படிந்து, ஆள் வேலையை விட்டு, மறந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் கையைத் தொங்க வைக்கும். இது எழுதினவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் இரண்டு என்று எழுதியிருக்கிறார்கள். மேஸ்திரி ஆலையை விட்டுப் பல வருஷம் கழித்துத்தான் வழக்கே போட்டார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் அந்த மசோதாவில் இடமில்லை. அத்தனை வருஷ வழக்கை ஒரே வரியில் ஊத்தி மூடுகிற வேலை அது.

வக்கீலம்மாவின் காது நுனி சிவந்தது. ஆனால் சந்தோஷமும் பட்டார். காரணம் இருந்தது. கூட்டத்தொடரின் கடைசி நாளில் சிறு மசோதாக்களை ஒவ்வொன்றாக விவாதிக்க மாட்டார்கள். அவைத்தலைவர் தலைப்பைப் படித்து, "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் நிறைவேறியது. ஒரே ஓர் உறுப்பினர் ஆட்சேபணை சொன்னாலும் போதும், அந்த மசோதா அப்படியே நின்றுபோய் அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளப்படும். அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னால் தேர்தல் வந்து, மசோதாவே காலாவதியாகிவிடும். துண்டாக இருந்தாலும் அவரும் உறுப்பினர்தானே!

அன்றைக்கே மேஸ்திரியை போனில் கூப்பிட்டார். "பயப்படாதீங்க. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இது செத்துரும். நான் சொல்லப்போறேன்."

"நீங்க அங்க இருக்கீங்கம்மா. எங்களுக்கு அது போதும்" என்றார் மேஸ்திரி.

செயலாளருக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. மறுநாளே வந்து நின்றார். "அம்மா, அந்த மசோதா மேலிடத்துல பேசி முடிச்சது. நீங்க எதுக்குத் தலையைக் குடுக்கறீங்க? சும்மா இருந்துடுங்க."

"சும்மா இருக்கணும்னு எழுத்துல குடுங்க. வாசிச்சுட்டு சும்மா இருக்கேன்."

அவர் அதை எங்கே போய்ச் சொன்னார் என்பது பின்னால் தெரிந்தது.

இங்கே நீதிமன்றத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வக்கீல் எழுந்தவுடன் பேசிவிடக் கூடாது. எழுந்து நின்று, நீதிபதி நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். அவர் பார்த்து, இலேசாகத் தலையசைத்த பிறகுதான் வாய் திறக்கலாம். அவசரப்பட்டால் வாதத்துக்கு முன்பே மதிப்புப் போய்விடும். இதை யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை. நாலு முறை திட்டு வாங்கினால் தானாகவே உடம்பில் ஏறிவிடும். வக்கீலம்மாவின் உடம்பில் அது முப்பது வருஷமாக ஊறிப்போயிருந்தது. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும், தலையசைப்புக்கு முன் அவர் நாக்கு எழும்பாது.

கடைசி நாள். அவைத்தலைவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து தலைப்புகளைப் படித்துக்கொண்டே போனார். அவரும் ஒரு காலத்தில் கவுன் மாட்டி வாதாடியவர்தான். நல்ல வக்கீல் என்றுகூடப் பேர். தொழிலாளர் மசோதாவின் தலைப்பைப் படித்தார். "ஆட்சேபணை உண்டா?" என்றார்.

வக்கீலம்மா எழுந்தார். தூணைவிட்டு ஓரடி வெளியே வந்து, எல்லோருக்கும் தெரியும்படி நின்றார். வலது கையை உயர்த்தினார். அவைத்தலைவர் நிமிர்ந்தார். கண்ணோடு கண் நேராகச் சந்தித்தது. வக்கீலம்மா தலையசைப்புக்குக் காத்திருந்தார்.

தலை அசையவில்லை. அவைத்தலைவர் அவரைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு பார்வையைக் காகிதத்துக்கு இறக்கி, "ஆட்சேபணை இல்லை. நிறைவேறியது" என்று சுத்தியலைத் தட்டினார்.

"ஐயா! ஆட்சேபணை! நான் நிக்கறேன்ங்க ஐயா!"

அவர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். மேஜை ஒலிவாங்கியில் விளக்கு எரியவில்லை. செயலாளர் எங்கே போய்ச் சொன்னார் என்று அப்போதுதான் விளங்கியது. வக்கீலம்மா தொண்டை கிழியக் கத்தினார். முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் சிரித்தார். அன்பான பக்கத்து இருக்கைக்காரர் முந்தானையைப் பிடித்து இழுத்து, "உட்காருங்கம்மா, முடிஞ்சு போச்சு" என்றார். தொலைக்காட்சியில் அவைத்தலைவரின் முகம் மட்டும்தான் தெரிந்ததாம். மேஸ்திரி வீட்டில் கூடியிருந்தவர்கள், வக்கீலம்மாவின் குரல் எப்போது வரும் என்று மசோதா நிறைவேறிய பிறகும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் நேராக அவைத்தலைவர் அறைக்குப் போனார். அவர் மரியாதையாக எழுந்து நாற்காலி காட்டினார். டீ சொன்னார்.

"எனக்கு டீ வேண்டாங்க. நான் எழுந்து நின்னதை நீங்க பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேன்."

"கையைத் தூக்கினதை?"

"பார்த்தேம்மா. ஆனா நீங்க பேசலையே."

"நீங்க தலையாட்டலையே!"

அவைத்தலைவர் சிரித்தார். "அது கோர்ட்டும்மா. இங்க கத்தணும். எனக்கும் அந்தப் பழக்கம் விட ரொம்ப நாள் ஆச்சு. தலையாட்டினாத்தான் நமக்கு வாய் வரும், இல்லையா?"

நமக்கு என்றார்! வாசல் திறந்திருக்கும்போது திருடுகிறவன்கூட, வீட்டுக்காரரிடம் வந்து வாசல் எப்படித் திறந்திருந்தது என்று விளக்க மாட்டான். ஒரு மனுஷியின் மரியாதையையே கயிறாகத் திரித்து அவள் வாயைக் கட்டிவிட்டு, அதற்கு டீ வேறு. கூச்சல் போடுகிறவனுக்குக் காது கொடுத்து, முறைப்படி நிற்கிறவளைப் பார்த்தும் பாராதது போல் தாண்டிப் போகிற இடத்துக்கு மாமன்றம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். மாமன்றமாம்! அவைக் குறிப்பில் அன்றைக்கே ஏறிவிட்டது: ஆட்சேபணை ஏதுமின்றி நிறைவேறியது.

தேர்தல் வந்தது. இறந்தவரின் மருமகன் ஜெயித்து, மாமனாரின் எண்ணெய்க் கறையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வக்கீலம்மா பழையபடி வராந்தாவுக்கு வந்து சேர்ந்தார். கேன்டீனில் சக வக்கீல்கள், "மாண்புமிகு வந்தாச்சு, இடம் விடுங்கப்பா" என்று கிண்டல் செய்தார்கள். அதெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை. மேஸ்திரியும் மற்றவர்களும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தொழிலாளியின் மனைவி, சண்டைக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "நீங்க அங்கதானேம்மா இருந்தீங்க?"

வக்கீலம்மா அன்று வீட்டுக்கு வந்து, "ஆமா, அங்கதான் இருந்தேன்" என்று கணவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். கணவர் வழக்கமாக ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பவர். அன்று அவரும் ஒரு பிரேமின் திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் இந்தப் புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. இப்போது வக்கீலம்மா யாருடைய தலையசைப்புக்கும் காத்திருப்பதில்லை. நீதிபதி உட்காருவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவார். "அம்மா, நான் கேள்வியையே இன்னும் முடிக்கல" என்றார் ஒரு நீதிபதி. "முடிச்சப்புறம் நேரம் குடுப்பீங்களான்னு தெரியலைங்க ஐயா" என்றார் இவர். பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதக் கையைத் தூக்கினாலே, இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்க வேண்டியவர், "ஆள் இருக்கு! ஆள் இருக்கு!" என்று கத்துகிறார். "இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு சோத்துக் கரண்டியைத் தூக்கறதுக்குள்ள வேண்டாங்கறா. அப்புறம் பசிக்குதுங்கறா" என்று கணவர் கடைக்கு வருகிறவர்களிடம் அலுத்துக்கொள்கிறார். கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிப்பு வருகிற விஷயமா இது?

ஆலையின் தரப்பு சும்மா இருக்குமா? புதுச் சட்டத்தைக் காட்டி, வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி மனுப் போட்டது. அந்த மனு விசாரணைக்கு வந்த நாள், பெஞ்சு நிறைந்து, மிச்சப் பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கூப்பிட்டதும் எல்லோரும் உள்ளே போய்ப் பின்வரிசையில் ஒடுங்கிக்கொண்டார்கள்.

ஆலையின் வக்கீல் இளைஞர். கஞ்சி போட்ட சட்டை, பணிவான குரல். யாரையும் நோகடிக்காமல் கழுத்தை அறுக்கத் தெரிந்தவர். புதுச் சட்டத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தார். பிறகு அவைக் குறிப்பின் நகலை எடுத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "ஆட்சேபணை ஏதுமின்றி நிறைவேறியது. ஐயா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு அவைக்கு வந்திருந்த உறுப்பினர்கள்ல, எதிர்த் தரப்புல வாதாடற அம்மாவும் ஒருத்தர். அவங்களுக்கே ஆட்சேபணை இல்லாத சட்டத்தை இன்னிக்கு அவங்களே எப்படி எதிர்க்கறாங்கன்னு எனக்குப் புரியல."

வக்கீலம்மா ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். "பொய்! நான் எழுந்து நின்னேன், கையைத் தூக்கினேன், தலைவர் என்னைப் பார்த்தார்..."

"அம்மா." நீதிபதி கையைக் காட்டினார். முரட்டு ஆள் இல்லை, பொறுமைசாலிதான். "நீங்க அன்னிக்கு அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"உங்க ஆட்சேபணை குறிப்புல இல்லையே?"

"குறிப்புல இல்லைங்க. நடந்தது வேற. அவர் அறைக்குள்ளேயே போய்க் கேட்டேன். பார்த்தேன்னு ஒத்துக்கிட்டார். அதுக்கப்புறம்..."

"நிறுத்துங்க. இங்க நீங்க வக்கீல். நீங்க கண்ணால கண்டதை, காதால கேட்டதை, அந்த மேஜைக்குப் பின்னால நின்னு சொல்ல முடியாது. அது உங்களுக்கே தெரியும். அதைச் சொல்றவங்க நிக்கற இடம் வேற."

நீதிமன்றத்தில் எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் போனது. இடது சுவரோரம், இடுப்பளவு மரக்கட்டை அடைத்த சாட்சிக் கூண்டு காலியாக இருந்தது.

நீதிபதி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்க ஏறினா இந்த வழக்குல மறுபடி இந்தப் பக்கம் வர முடியாது. சாட்சி வேற, வக்கீல் வேற. அப்படியே சொன்னாலும் அவைக் குறிப்பை மீறி அதை நான் எடுத்துக்குவேனா இல்லையான்னும் இப்ப சொல்ல மாட்டேன். வேணும்னா வாய்தா தர்றேன். யோசிச்சுட்டு வாங்க."

ஆலையின் வக்கீல் முதல் முறையாக நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எப்படிப் பார்த்தாலும் அவருக்கு லாபம். இந்த வழக்கின் ஒவ்வொரு மருத்துவச் சீட்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒரே ஆள், கூண்டில் ஏறினால் எதிர் மேஜை காலி. ஏறாவிட்டால், ஆட்சேபணை இல்லை என்று எழுதியது எழுதியபடியே நிலைத்துவிடும். கேள்வி கேட்க இடமில்லாமல் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, நடுவில் நிற்கிறவளிடம் யோசித்துச் சொல் என்கிறார்கள்.

வக்கீலம்மா திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். மேஸ்திரி எழுந்து நின்றிருந்தார். பேசக் கூடாத இடம் என்று தெரிந்தும், தாழ்ந்த குரலில் கேட்டேவிட்டார்: "அம்மா, நீங்க அங்க போயிட்டா, எங்களுக்கு யாரும்மா பேசுவா?"

பக்கத்தில் இருந்த ஜூனியர் குறுக்கே புகுந்தாள். பிரசவ விடுப்பு முடிந்து அந்த மாதம்தான் வேலைக்குத் திரும்பியிருந்த பெண். இதுவரை வாய்தா கேட்பதற்கு மட்டும்தான் எழுந்து நின்றிருக்கிறாள். "மேடம், வாய்தா வாங்கிடலாம் மேடம். வேற யாராவது பெரிய வக்கீலா பார்த்து..."

"எந்தப் பெரிய வக்கீல்? அங்க உயரத்துல உக்காந்திருந்தாரே, அவரும் பெரிய வக்கீல்தான்." வக்கீலம்மா கோப்புகளை அவள் பக்கம் தள்ளினார். "எழுந்திரு. இனிமே இது உன் வழக்கு. கேட்க வேண்டியதை எல்லாம் கேளு. ஏன் உடனே பேசல, ஏன் வாயை மூடிட்டு நின்னேன்னு முதல்ல அதைக் கேளு. அவங்க கேட்கறதுக்கு முன்னாடி நீ கேட்டுடு. என்னைக் கொஞ்சம்கூட விட்டு வைக்காதே."

பிறகு மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னார். "இந்தப் பொண்ணு பேசுவா. நான் அங்க இருந்தேன்ல? இருந்தவதான் சொல்லணும். வேற யாருக்கும் அது தெரியாது."

"வாய்தா வேணுமாம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"வேண்டாங்க ஐயா."

வக்கீலம்மா கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய் வக்கீல்கள் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையின் கொக்கியைத் தேடினார். அது மயிரில் சிக்கிக்கொண்டது. ஜூனியர் உதவிக்குக் கையை நீட்டினாள். அதற்குள் இவர் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். கொக்கி தெறித்து எங்கோ விழுந்தது. பட்டையை இரண்டாக மடித்து, கஞ்சி போட்ட சட்டைக்காரரின் முன்னால், அவர் படித்துக் காட்டிய அந்தக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு, கூண்டைப் பார்த்து நடந்தார்.